மனசு சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: மாணவர் கேள்வி பதில்

போன இதழில் தேர்வு பயத்தைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் நிறைய பேர் பயத்தைப் பற்றி எழுதவே இல்லை. பயம்கூட வரமாட்டேன் என்கிறது, எதுவுமே தோன்றவில்லை, எதற்காகப் படிக்கிறேன் என்றே தெரியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுக்க அதற்கே. பெயர்களையும் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன் மேடம். பள்ளியில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வருவேன். இப்போது ஏழெட்டு வாரமாகக் காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. அலாரத்தை அணைத்துவிட்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். புத்தகத்தைத் திறந்தால் ஒரே பாராவை நாலு தடவை படிக்கிறேன், ஒன்றும் ஏறவில்லை. கிட்டார் வாசிப்பேன், அதையும் தொட்டு நாளாச்சு. ராத்திரி இரண்டு மூன்று மணி வரை போனில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும், அதையும் பிடித்துப் பார்க்கவில்லை. எனக்குப் பெரிய பிரச்சினை ஒன்றும் இல்லை, வீட்டில் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அம்மா போன் செய்தால் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லி வைத்துவிடுவேன். இது டிப்ரஷனா, இல்லை நான் சோம்பேறியாகிவிட்டேனா?

பதில்: முதலில் அந்தக் கிட்டாரைப் பற்றிப் பேசுவோம். சோம்பேறித்தனமாக இருந்தால் படிப்பைத் தள்ளிவைத்துவிட்டுக் கிட்டாரைத்தான் கையில் எடுத்திருப்பீர்கள். படிக்கப் பிடிக்காதவர்களுக்கு மற்றதெல்லாம் பிடிக்கும். உங்களுக்கோ பிடித்ததும் பிடிக்காமல் போயிருக்கிறது, விடிய விடிய போன் பார்ப்பதிலும் ருசி இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். மனச்சோர்வு, அதாவது நீங்கள் கேட்ட டிப்ரஷன், இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் கேட்கும் இரண்டு முக்கியமான கேள்விகளில் ஒன்று இதுதான்: முன்பு பிடித்தவற்றில் இப்போது ஆர்வம் இருக்கிறதா? இன்னொன்று, பெரும்பாலான நேரம் மனசு பாரமாகவோ வெறுமையாகவோ இருக்கிறதா? இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம் மாறுவது, பசி மாறுவது, தெம்பே இல்லாமல் போவது, கவனம் நிற்காதது, உடம்பு மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பது, சாவைப் பற்றிய எண்ணம் என்று மொத்தம் ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம் கிட்டத்தட்ட தினமும் இருந்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால், அதை மனச்சோர்வு நோய் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு வாரம் என்பது அவர்கள் கணக்கு. உங்களுக்கு ஏழெட்டு வாரம் ஆகிவிட்டது.

கடிதத்தை வைத்து இன்ன நோய் என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் இந்த வாரமே ஒரு டாக்டரைப் பார்க்கப் போதுமான காரணம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. மனநல மருத்துவரிடம் நேராகப் போகத் தயக்கமாக இருந்தால் பொது மருத்துவரிடம் ஆரம்பியுங்கள், அதில் ஒரு நன்மையும் உண்டு. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு எல்லாமே இதே மாதிரி அசதியையும் மந்தத்தையும் கொடுக்கக்கூடியவை, ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பிஎச்க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளையும் நிரப்பச் சொல்லலாம். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னும் விரிவாக விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம். அதை நீங்களே போட்டுப் பார்த்து முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் பேச்சைத் தொடங்க அது ஒரு வழி, அவ்வளவுதான்.

'பெரிய பிரச்சினை ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் உங்களை இத்தனை வாரம் வாய் திறக்க விடாமல் செய்திருக்கிறது. காரணம் இருந்தால்தான் மனச்சோர்வு வர வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒருவருக்குப் பரம்பரையாக வரும், ஒருவருக்குத் தூக்கம் கெட்டுப் பல மாதம் ஆன பிறகு வரும், இன்னொருவருக்குக் காரணமே தெரியாமல் வரும். மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று 2005-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு சொன்னது. அதாவது படிக்கிற வயசுதான் இது வருகிற வயசு. அடுத்தவருக்கு இதைவிடப் பெரிய கஷ்டம் இருக்கிறதே என்று ஒப்பிட்டு வெட்கப்படத் தேவையில்லை.

அப்புறம் அந்த ஒரே பாரா. நாலு தடவை படித்தும் ஏறவில்லை என்றால் மூளை மழுங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. படித்த வரியை மனதில் பிடித்துவைத்துக்கொண்டு அடுத்த வரியோடு சேர்க்கும் திறன் மனச்சோர்வில் குறையும், அதுவும் மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்றுதான். சோர்வு குறையக் குறைய பெரும்பாலும் அது மீண்டு வரும்.

சரி, டாக்டரைப் பார்க்கும் வரை என்ன செய்வது? என் அனுபவத்தில் மாணவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: 'மூட் கொஞ்சம் சரியாகட்டும், அப்புறம் எல்லாவற்றையும் ஆரம்பித்துவிடுகிறேன்.' இந்த வரிசையைத்தான் தலைகீழாக மாற்றச் சொல்கிறேன். பிடித்த வேலையை விடுகிறோம், ஆட்களைத் தவிர்க்கிறோம், அதனால் நாளில் மனசுக்கு இதமாக ஒன்றுகூட நடப்பதில்லை, அதனால் இன்னும் சோர்வு, அதனால் இன்னும் விடுகிறோம். 1970-களிலேயே பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தச் சுழலை விளக்கினார். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிந்தனைமாற்றுச் சிகிச்சையில் எது உண்மையில் வேலை செய்கிறது என்று 1996-ல் உளவியலாளர் நீல் ஜேக்கப்சனும் அவரோடு இருந்தவர்களும் பிரித்துப் பார்த்தபோது, செயலைக் கூட்டும் பகுதியை மட்டும் கொடுத்தவர்களும் முழுச் சிகிச்சை பெற்றவர்கள் அளவுக்கே தேறினார்கள். செயல் முதலில், மனசு பின்னால். ஆனால் செயல் மிகச் சிறியதாக இருக்க வேண்டும், எத்தனை சிறியது என்று சொன்னால் உங்களுக்கு நம்பிக்கை வராது. நாளை கிட்டார் வாசிக்க வேண்டாம். உறையிலிருந்து வெளியே எடுத்து ஆறு தந்திகளையும் சுருதி சேர்த்துவிட்டு, மறுபடி உறைக்குள் போடாமல் கட்டில் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். சாயங்காலம் ஐந்து மணி என்று நேரத்தைக் குறித்துவிடுங்கள், மனசு இருக்கிறதா இல்லையா என்று அப்போது கேட்க வேண்டாம். செய்வதற்கு முன் மனசு எப்படி இருக்கிறது என்று பத்துக்கு ஒரு எண், செய்த பின் ஒரு எண், ஏதாவது ஒரு தாளில் எழுதுங்கள். 2 என்பது 3 ஆனாலே பெரிய விஷயம். ஆகாவிட்டாலும் எழுதுங்கள், ஒரு வாரத் தாளைப் பார்த்தால் எந்த வேலைக்குப் பிறகு எண் கூடுகிறது, எதற்குப் பிறகு குறைகிறது என்பது தெரியும். ராத்திரி போன் பார்த்த பிறகும் ஒரு எண் போட்டுப் பாருங்கள்.

தூக்க விஷயத்தில் படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். எழுந்திருக்கும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்து, முகத்தில் வெளிச்சம் படுகிற இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிற்பது, முடிந்தால் நடப்பது. போனை சார்ஜ் போடும் இடம் கட்டிலிலிருந்து எட்டாத தூரத்தில் இருக்கட்டும். படுத்துக்கொண்டு 'நான் ஏன் இப்படி ஆனேன்' என்று தோண்டிக்கொண்டே இருப்பது பிரச்சினையைத் தீர்க்கிற யோசனை மாதிரித் தெரியும், ஆனால் அப்படி அசைபோடுவதே சோர்வை நீட்டிக்கிறது என்று உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா தன் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அந்தக் கேள்வி வரும்போது எழுந்து உட்காருங்கள், இடத்தை மாற்றுங்கள், பதில் தேட வேண்டாம்.

அம்மா அடுத்த தடவை போன் செய்யும்போது எல்லாவற்றையும் விளக்கத் தேவையில்லை. 'கொஞ்ச நாளா எனக்கு சரியில்லமா, டாக்டர பாக்கணும்' என்று சொன்னால் போதும். மற்றதை அவர் கேட்பார்.

கேள்வி: எனக்கு மூட் சரியில்லை என்று ஆறு மாதம் முன்பே கவுன்சிலர் சொல்லிவிட்டார், அதெல்லாம் தெரியும். இப்போது என் பிரச்சினை வேறு. இன்னும் மூன்று வாரத்தில் செமஸ்டர். ஏற்கெனவே மூன்று அரியர், அட்டெண்டன்ஸ் குறைவு, இரண்டு ரெக்கார்டு எழுதவில்லை. யோசித்தாலே நெஞ்சு அடைக்கிறது. பேசாமல் படிப்பை விட்டுவிடலாமா?

பதில்: விடுவதா வேண்டாமா என்று இந்த மூன்று வாரத்தில் முடிவு செய்யாதீர்கள். சோர்வு உச்சத்தில் இருக்கும்போது எல்லாக் கதவும் மூடியிருப்பதாகத்தான் தெரியும், அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு திரும்பப் பெற முடியாத முடிவு எதையும் எடுக்கக் கூடாது. ஆனால் விடுவது வேறு, கொஞ்ச காலம் நிறுத்திவைப்பது வேறு. மருத்துவச் சான்றோடு விடுப்பு, செமஸ்டரைத் தள்ளிவைப்பது, சில தாள்களை மட்டும் எழுதுவது, சமர்ப்பிக்க அவகாசம் என்று பல கல்வி நிறுவனங்களில் வழி இருக்கிறது. யாரும் கேட்காததால் யாரும் சொல்வதில்லை. உங்கள் கவுன்சிலரிடமே எழுத்தில் ஒரு குறிப்பு வாங்கி, உங்களுக்குக் கொஞ்சமாவது இணக்கமாகத் தெரிகிற ஒரு ஆசிரியருக்கு இப்படி அனுப்புங்கள்: 'சார், சில மாதங்களாக உடல்நலக் காரணத்தால் வகுப்புக்கு ஒழுங்காக வர முடியவில்லை. சிகிச்சையில் இருக்கிறேன். இந்த செமஸ்டரில் எனக்கு என்ன வழிகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள பத்து நிமிடம் உங்களைப் பார்க்க முடியுமா?' டிப்ரஷன் என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, மனச்சோர்வும் உடல்நலக் காரணம்தான். பார்க்கப் போகும்போது ஒரு நண்பரைக் கூட்டிப்போங்கள், பேச்சு நின்றுபோனால் அவர் எடுத்துக் கொடுப்பார்.

அரியர், ரெக்கார்டு, அட்டெண்டன்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரே மலையாக நிற்கும்போது எந்தக் கல்லையும் எடுக்கத் தோன்றாது. அதனால் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இந்த மூன்று வாரத்தில் செய்யவே போவதில்லை என்பதை முதலில் அடித்துவிடுங்கள். அடிப்பது தோல்வி இல்லை. மிச்சமிருப்பதில் ஒரே ஒரு பாடத்தை எடுத்து, பழைய வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பகுதியை மட்டும் பதினைந்து நிமிடம் படித்துவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து நினைவிருப்பதை எழுதிப் பாருங்கள், மூன்று வரி வந்தாலும் சரி. வெறுமனே படித்துக்கொண்டே போவதைவிட இப்படி மூடிவைத்து எழுதுவது நன்றாக நிற்கும், கவனம் குறைந்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் கணக்குத்தானே. பழைய வேகத்தோடு ஒப்பிட வேண்டாம். காய்ச்சலில் இருக்கும்போது ஓடிப் பார்த்து வேகத்தை அளக்க மாட்டோம் இல்லையா. இரவு முழுக்க விழித்துப் படிப்பதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்வேன். நினைவும் நிற்காது, மறுநாள் மனசும் விழும்.

நெஞ்சு அடைப்பதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம், ஆனாலும் அதைப் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு வாரமாகப் போடுகிறேன், வயிற்றைப் பிரட்டுவதைத் தவிர ஒன்றும் மாறவில்லை. ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க விட முடியாது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் தலைவலி மாத்திரை மாதிரி போட்டதும் கேட்காது. பலன் தெரியப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம், முழுதாகத் தெரிய ஆறு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். பக்கவிளைவு மட்டும் முதல் வாரத்திலேயே வந்துவிடும், அதனால்தான் நிறைய பேர் சரியாக இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். வயிற்றுப் பிரட்டல் பலருக்குச் சில நாளில் அடங்கும். அடங்காவிட்டால் டாக்டருக்கு போன் செய்யுங்கள், அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு. போதைப் பொருள் மாதிரி இன்னும் இன்னும் வேண்டும் என்ற ஏக்கத்தை இவை உண்டாக்குவதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், அதனால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நன்றாகிவிட்டதே என்று உடனே விட்டவர்களுக்குத் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

இரண்டு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் சிலருக்கு இந்த மருந்துகளைத் தொடங்கிய ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. 2004-ல் சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தது, 2007-ல் அதை 24 வயது வரை நீட்டியது. மருந்தே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. கூட இருப்பவர் ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அப்படி ஓர் எண்ணம் வந்தாலோ கூடினாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டாவது, முன்பு எப்போதாவது பல நாள் தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் யோசனையும் கட்டுக்கடங்காமல் ஓடி, அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்திருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இருதுருவ நோயாக இருந்தால் சிகிச்சையே வேறு. குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். மது அந்த ஒரு மணி நேரத்துக்கு லேசாக்கும், தூக்கத்தையும் மறுநாளையும் கெடுத்துவிடும்.

கேள்வி: என் ரூம்மேட் முன்பெல்லாம் கலகலப்பாகப் பேசுவான். இப்போது பேசுவதில்லை. நேற்று ராத்திரி 'நான் இல்லாமப் போனா யாருக்கும் ஒண்ணும் நஷ்டமில்லடா' என்றான். விளையாட்டுக்குச் சொன்னானா என்று தெரியவில்லை. கேட்டால் நானே அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். கேட்டதும் பலருக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். பத்திரிகை வந்து நீங்கள் படிப்பதற்குள் நாளாகிவிடும் என்பதால் உங்களுக்குத் தனியாகவும் பதில் எழுதிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் கேளுங்கள். 'டேய், அன்னைக்கு நீ சொன்னது மனசுலயே இருக்கு. செத்துப்போகணும்னு தோணுதா?' என்று நேராக. ஆமாம் என்றால் பதறாதீர்கள், திட்டாதீர்கள், 'அம்மா அப்பாவ நெனச்சுப் பாரு' என்று சொல்லாதீர்கள். ஏற்கெனவே தான் ஒரு பாரம் என்று நினைக்கிறவனுக்கு அது இன்னொரு பாரம். எப்போதிலிருந்து, எப்படிச் செய்வது என்று யோசித்து வைத்திருக்கிறானா, அதற்கான எதையாவது கைவசம் வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். திட்டம் இருக்கிறது என்று தெரிந்தால் அவனைத் தனியாக விடக் கூடாது. ஆபத்தான எதையும் அவன் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள், விடுதிப் பொறுப்பாளரையோ வீட்டாரையோ உடனே அழையுங்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூடவே போங்கள். உங்கள் நாட்டின் அவசர எண்ணையும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையும் இப்போதே போனில் சேமித்து வையுங்கள், அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

'யாருகிட்டயும் சொல்லாத' என்று சத்தியம் வாங்குவான். அந்த ஒரு சத்தியத்தைக் கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தாலும் மீறுங்கள். கோபப்படுவான், சில நாள் பேச மாட்டான், பரவாயில்லை. அவன் உயிரோடு இருந்து உங்களிடம் கோபப்படட்டும்.

நீங்கள் நேராகக் கேட்டதற்கு 'இல்லை' என்று அவன் சொன்னாலும் விட்டுவிட வேண்டாம். 'ஏதாவது வேணும்னா சொல்லு' என்றால் அவன் சொல்ல மாட்டான், சொல்லும் தெம்பு இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பான். 'ஆறு மணிக்கு நடக்கப் போறேன், செருப்ப மாட்டு' என்று சொல்லி வாசலில் நில்லுங்கள். டாக்டர் நேரத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கும் இது தாங்க முடியாத அளவுக்குப் போகலாம், அதனால் பொறுப்பை இன்னும் இரண்டு பேரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. எந்நேரமும் அறைக்குள்ளேயே இருக்கிறாள், எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறாள், மதிப்பெண் சரிகிறது. மனச்சோர்வு என்கிறாள். இந்த வயதில் என்ன மனச்சோர்வு? செல்போனைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

பதில்: அவளே பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறாள், எத்தனை பிள்ளைகளால் அது முடியும்? வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வருவது சகஜம். போனைப் பிடுங்கினால் அவள் பேசிக்கொண்டிருக்கும் கடைசி இரண்டு தோழிகளும் போய்விடலாம். ராத்திரி போன் எங்கே இருக்க வேண்டும் என்று அவளோடு பேசி முடிவு செய்யுங்கள், அது போதும். மதிப்பெண்ணை இரண்டு வாரத்துக்கு வீட்டில் யாரும் பேசாதீர்கள் ஐயா. 'நீ சொன்னத நான் அன்னைக்கு சரியா கேக்கல, இப்ப சொல்லு' என்று அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள், நடுவில் தீர்வு சொல்லாதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அறைக்குள் டாக்டரோடு அவள் தனியாகப் பேச நேரம் கொடுத்து நீங்கள் வெளியே இருங்கள்.

கேள்வி: தைரியத்தை வரவழைத்து ஒரு கவுன்சிலரைப் பார்த்தேன். 'பாசிட்டிவா இரு, தியானம் பண்ணு' என்று அரை மணி நேரம் அட்வைஸ். இனி யாரிடமும் போகப் போவதில்லை. நான் செய்வது தவறா?

பதில்: உங்கள் ஏமாற்றம் நியாயமானது. அத்தனை கஷ்டப்பட்டுப் போனவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் ஒருவரை வைத்து எல்லோரையும் தள்ளிவிட வேண்டாம். அடுத்தவரிடம் நேரம் வாங்கும்போதே கேளுங்கள்: என்ன பயிற்சி பெற்றவர், மனச்சோர்வுக்கு எந்த முறையில் சிகிச்சை தருகிறார், எத்தனை சந்திப்பு ஆகும், சொல்வது ரகசியமாக இருக்குமா, எந்தச் சூழ்நிலையில் வீட்டுக்குச் சொல்வார். நல்ல ஆலோசகர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். சிந்தனைமாற்றுச் சிகிச்சை பொதுவாகப் பன்னிரண்டு முதல் இருபது சந்திப்பு வரை போகும், நடுநடுவே செய்து பார்க்க வேலையும் கொடுப்பார்கள், வெறும் அட்வைஸாக இருக்காது. மூன்று நான்கு சந்திப்புக்குப் பிறகும் இவரிடம் மனம் திறக்க முடியவில்லை என்று தோன்றினால் அதை அவரிடமே சொல்லலாம், வேறொருவரைப் பரிந்துரைக்கச் சொல்லலாம்.

முதல் நாள் அங்கே போய் உட்கார்ந்ததும் வார்த்தை வராது என்ற பயம் இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எதை எல்லாம் செய்வதை விட்டுவிட்டேன், சாக வேண்டும் என்று தோன்றியதா. படிக்கவும் முடியாவிட்டால் தாளை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள், அங்கிருந்து பேச்சை எடுத்துப் போவது அவர் வேலை.